வைரம் வெட்டும், கம்பி இழுக்கும்

ஆனைமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில், ஆழியாறு தொடங்கிப் பொள்ளாச்சி வரை விரிந்து கிடக்கும் நிலத்தில், மூன்று பொருள்கள் தாராளமாகக் கிடைக்கின்றன: மலையின் உடலாகவே இருக்கும் நைஸ், சார்னோக்கைட் வகைக் கருங்கல்; டாப்சிலிப் சரிவுகளில் வளரும் தேக்கு; சமவெளித் தோப்புகள் தரும் தென்னை நார். இவற்றுள் எது வலியது என்று கேட்டால் கல்தான் என்றே எவரும் தயங்காமல் விடை சொல்வர். தேக்கில் ஆணி இறங்குகிறது, நாரை நகத்தால் நசுக்கிவிடலாம், கல்லில் இறங்கிய கடப்பாரையோ முனை மழுங்கித் திரும்புகிறது. ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றி, ஒரே குறுக்குவெட்டுப் பரப்புள்ள மூன்று துண்டுகளை இரு முனைகளிலும் பற்றி இழுத்தால் எது முதலில் அறும் என்று கேட்டால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. நல்ல கருங்கல்கூட ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையிலேயே அறுந்துவிட, தேக்கு தன் இழையோட்டத்தின் திசையில் அதைப்போல் பத்து மடங்கு தாங்குகிறது; தென்னை நாரின் ஒற்றை இழையும் தேக்குக்குக் குறையாமல் தாங்குகிறது.

முதல் கேள்வி கடினத்தன்மையைப் பற்றியது. இரண்டாவது கேள்வி இழுவலிமையைப் பற்றியது. ஒரு பொருளின் மேற்பரப்பில் கூரிய முனையொன்றை அழுத்தும்போது, நிரந்தரமான பள்ளம் விழாதபடி அப்பொருள் காட்டும் எதிர்ப்பே கடினத்தன்மை. அதே பொருளைக் கம்பியாகவோ சட்டமாகவோ ஆக்கி இழுக்கும்போது, அறுவதற்கு முன் அது தாங்கும் உச்சத் தகைவே இழுவலிமை. தகைவு என்பது விசையை அது செயல்படும் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் அளவு. இவ்விரண்டும் ஒரே அணுப்பிணைப்புகளிலிருந்துதான் பிறக்கின்றன. ஆயினும் அவை ஒன்றல்ல. உலகில் மிகக் கடினமான பொருள்களான மீக்கடினப் பொருள்களின் வகுப்பை எட்டும்போது இவ்வேறுபாடு மிகப் பெரிதாகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டுவதும் கல் அறுப்பதும் எஃகு கடைவதுமாக வாழும் கொங்கு நாட்டுக்கு இந்த வேறுபாடு அன்றாடத் தொழிலோடு நேரடியாகப் பிணைந்தது.

பள்ளத்தை அளக்கும் கலை

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோல் எளிமையானது. எது எதைக் கீறுகிறதோ அது அதைவிடக் கடினமானது என்ற ஒரே விதியின்படி, டால்க் முதல் வைரம் வரை பத்துக் கனிமங்களை அவர் வரிசைப்படுத்தினார். கருங்கல்லில் மிகுந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்சுக்கு 7, குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10 என அமைந்த அந்த எண்கள் வரிசையை மட்டுமே சொல்கின்றன, இடைவெளியைச் சொல்வதில்லை. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே இருப்பது ஒரு படிதான் என்று எண்ணுவோரே மிகுதி. உண்மையில் குருந்தத்தின் கடினத்தன்மை ஏறத்தாழ 20 கிகாபாஸ்கல் என்றால் வைரத்தின் கடினத்தன்மை, படிகத்தின் திசைக்கும் தரத்துக்கும் ஏற்ப, 70 முதல் 100 கிகாபாஸ்கலும் அதற்கு மேலும் ஆகும்.

இந்த எண்கள் விக்கர்ஸ் சோதனையிலிருந்து வருபவை. இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் 1920களின் தொடக்கத்தில் உருவான இம்முறையில், எதிரெதிர் முகங்களுக்கு இடையே 136 பாகைக் கோணம் அமைந்த, சதுர அடிப்பகுதியுள்ள சிறு வைரப் பிரமிடு குறிப்பிட்ட எடையோடு மேற்பரப்பில் அழுத்தப்படுகிறது. அதை எடுத்தபின் எஞ்சும் பள்ளத்தின் மூலைவிட்டங்களை நுண்ணோக்கியில் அளந்து, எடையைப் பள்ளத்தின் பரப்பால் வகுத்தால் கடினத்தன்மை கிடைக்கிறது. ஒரு கிகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 100 கிலோ எடை அமர்வதற்குச் சமம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மெகாபாஸ்கல். விக்கர்ஸ் கடினத்தன்மை 40 கிகாபாஸ்கலைத் தாண்டும் பொருள்களையே மீக்கடினப் பொருள்கள் என்று அறிவியலாளர் வகைப்படுத்துகின்றனர். வைரமும், 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய கனசதுர போரான் நைட்ரைடும் அவ்வகுப்பின் தலைமக்கள். தொழிற்கூடங்களில் பெரிதும் புழங்கும் டங்ஸ்டன் கார்பைடு 15 கிகாபாஸ்கல் அளவிலேயே நின்றுவிடுவதால் இவ்வகுப்பில் சேர்வதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வைரத்தை அளக்கும் முனையும் வைரமே என்பதால், மீக்கடினப் பொருள்களைச் சோதிக்கும்போது அழுத்தும் முனையும் சேதமடையக்கூடும். அழுத்தும் எடை குறையக் குறைய அளவு செயற்கையாக உயர்வதும் உண்டு. எந்த எடையில் அளந்தது என்று சொல்லாமல் தரப்படும் கடினத்தன்மை எண், விளம்பரத்துக்கு உதவலாமே தவிரப் பொறியாளருக்கு உதவாது.

இந்த அளவுகோல்கள் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடினத்தன்மையின் படிநிலையைக் கையால் அறிந்திருந்தவர்கள் கொங்கு நாட்டில் வாழ்ந்தனர். நொய்யலின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கி நடைபெற்ற அகழாய்வுகள், பெரில், நீலக்கல், குவார்ட்ஸ், அகேட், கார்னீலியன் முதலிய கற்களை மணிகளாக்கிய பட்டறைகளை வெளிக்கொணர்ந்தன. கரடுமுரடான கல், பாதி தேய்த்த மணி, துளையிடும்போது உடைந்த மணி எனத் தொழிலின் எல்லா நிலைகளும் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. பெரில் கிடைத்த படியூரும் குருந்தம் கிடைக்கும் சிவன்மலையும் காங்கேயம் வட்டாரத்திலேயே, கொடுமணலுக்கு எட்டிய தொலைவில் உள்ளன. குவார்ட்சையும் பெரிலையும் தேய்க்க அவற்றைவிடக் கடினமான குருந்தத்தின் தூள் போதும். நீலக்கல்லோ குருந்தத்தின் இனமே என்பதால், அதைத் துளைக்க வைரத்துணுக்கே ஏற்றது. குஜராத்தின் கம்பாத்தில் மணித் துளையிடுவோர் இரும்புத் தண்டின் நுனியில் இரண்டு சிறு வைரத்துணுக்குகளைப் பதித்து இன்றளவும் அந்த வேலையைச் செய்கின்றனர். தண்டு முழுவதும் வைரமாக இருக்கவேண்டிய தேவை எக்காலத்திலும் எழவில்லை. அப்படி இருந்திருந்தால் முதல் முறுக்கலிலேயே அது ஒடிந்திருக்கும்.

உலோகம் கற்பித்த தவறான பாடம்

கடினத்தன்மையையும் இழுவலிமையையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் அறியாமையிலிருந்து வந்ததன்று. பொறியியல் பயிற்சியிலிருந்தே வந்தது. எஃகைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றையொன்று நெருங்கித் தொடர்கின்றன. பிரினெல் கடினத்தன்மை எண்ணை ஏறத்தாழ மூன்றரையால் பெருக்கினால் இழுவலிமை மெகாபாஸ்கலில் கிடைத்துவிடும் என்பது கோவையின் எந்த லேத்துப் பட்டறையிலும் தரக்கட்டுப்பாட்டு மேசையில் ஒட்டப்பட்டிருக்கும் மாற்று அட்டவணையின் அடிப்படை. கடினத்தன்மை 200 என்றால் இழுவலிமை ஏறத்தாழ 700 மெகாபாஸ்கல். பம்ப்செட் தண்டுக்கு வாங்கிய எஃகை அறுத்து இழுத்துப் பார்க்காமல், ஓரத்தில் ஒரு பள்ளம் போட்டே அதன் வலிமையைச் சொல்லிவிட முடிவது பெரிய வசதிதான்.

அந்த வசதி எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் அதன் எல்லையும் விளங்கும். எஃகில் அணுத்தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கக்கூடியவை. அழுத்தினாலும் இழுத்தாலும் அவ்வழுக்கலே முதலில் தொடங்குகிறது. பொருள் நிரந்தரமாக உருமாறுகிறது. ஆகவே பள்ளத்தின் அளவும் கம்பி நீளத் தொடங்கும் தகைவும் ஒரே நிகழ்ச்சியின் இரு தோற்றங்கள். வழுக்கலே நிகழாத பொருளில் இந்தத் தொடர்பு முழுவதும் அறுந்துபோகிறது. உலோகத்துக்குரிய அக்கணக்கை இரு அளவுகளும் ஒரே அலகில் அமையுமாறு மாற்றி, கடினத்தன்மையில் மூன்றில் ஒரு பங்கு இழுவையைத் தாங்கும் என்று கொண்டால், 90 கிகாபாஸ்கல் கடினத்தன்மையுள்ள வைரம் 30 கிகாபாஸ்கலையாவது தாங்கவேண்டும். கண்ணால் காணும் அளவுள்ள வைரத்தில் கிடைப்பதோ சில கிகாபாஸ்கல் மட்டுமே. ஆவிநிலையிலிருந்து படியவைத்து வளர்க்கும் பல்படிக வைரத் தகடுகளில் அது பெரும்பாலும் ஒரு கிகாபாஸ்கலுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பாலங்களிலும் கான்கிரீட் தண்டவாளக் கட்டைகளிலும் முன்தகைவு ஏற்றப் பயன்படும் சாதாரண எஃகுக் கம்பிவடத்தின் இழுவலிமை 1,860 மெகாபாஸ்கல், அதாவது 1.86 கிகாபாஸ்கல். வைரத்தகட்டைவிட அக்கம்பி மிகுதியாகத் தாங்குகிறது என்பது முதலில் நம்பக் கடினமான செய்தியே.

இதற்கான விளக்கத்தை 1921இல் தந்தவர் ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலப் பொறியாளர். கண்ணாடி இழைகளை ஆராய்ந்த அவர், நொறுங்கும் இயல்புள்ள பொருள் அதன் பிணைப்புகளின் வலிமையால் அறுவதில்லை என்றும், அதற்குள் ஏற்கெனவே இருக்கும் நுண்ணிய விரிசலால் அறுகிறது என்றும் காட்டினார். இழுக்கும்போது விரிசலின் நுனியில் தகைவு பன்மடங்கு குவிகிறது. விரிசல் ஒரு படி நீளும்போது பொருளில் சேர்ந்திருந்த மீள்ஆற்றல் வெளிப்படுகிறது. புதிய பரப்பு உருவாகத் தேவையான ஆற்றலைவிட அது மிகுமானால் விரிசல் தானே ஓடத் தொடங்கி, ஒலியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் பொருளைப் பிளந்துவிடுகிறது. இவ்வோட்டத்துக்குப் பொருள் காட்டும் தடையே உடைதாங்குதிறன் எனப்படுகிறது. கடினத்தன்மைக்கும் இழுவலிமைக்கும் இடையே நின்று இரண்டையும் பிரிக்கும் மூன்றாவது பண்பு இதுதான். விரிசலின் நீளம் கணக்கில் சேர்வதால் இதன் அலகு சற்றே விந்தையானது. மெகாபாஸ்கலை மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கிச் சொல்வார்கள்.

எண்களை இட்டுப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். வைரத்தின் உடைதாங்குதிறன் இவ்வலகில் ஏறத்தாழ 5. நல்ல கட்டுமான எஃகுக்கு 100 என்று கொள்ளலாம். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழமுள்ள விரிசல் வைரத்தில் இருந்தால் கிரிஃபித்தின் கணக்குப்படி அதன் இழுவலிமை மூன்று கிகாபாஸ்கலுக்குக் கீழே இறங்குகிறது. விரிசல் பத்தில் ஒரு மில்லிமீட்டராக வளர்ந்தால் அது 300 மெகாபாஸ்கலுக்கும் கீழே போய்ச் சாதாரணக் கட்டடக் கம்பிக்கும் பின்தங்கிவிடுகிறது. எஃகிலோ 500 மெகாபாஸ்கல் இழுவையில் விரிசல் ஓடத் தொடங்குவதற்கு அதன் ஆழம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டவேண்டும். எஃகில் விரிசல் நுனியில் உள்ள அணுத்தளங்கள் வழுக்கி, கூர்மையை மழுக்கி, ஆற்றலை உண்டுவிடுகின்றன. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு திசை மாறாத பிணைப்பால் கட்டுண்டிருப்பதால் வழுக்கலுக்கு இடமே இல்லை. வைரத்தை அவ்வளவு கடினமாக்குவதும் அவ்வளவு எளிதில் பிளக்கவைப்பதும் அந்த ஒரே பிணைப்புத்தான். எண்முகத் தளங்களின் வழியே வைரம் நேராகப் பிளவுபடும் என்பதை வைரம் பட்டை தீட்டுவோர் நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர்; ஒரே தட்டில் கல்லை இரண்டாக்கும் அவர்களுடைய தொழில் அந்த அறிவின்மீதே நின்றது.

அழுத்தும்போது இவ்விரிசல்கள் தீங்கு செய்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அழுத்தம் விரிசலின் இரு முகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து மூடுகிறது. இழுவை அவற்றைத் திறக்கிறது. பள்ளம் போடும் சோதனையில் கூரிய முனைக்குக் கீழுள்ள பகுதி எல்லாப் பக்கமும் நெருக்கப்பட்டு நிற்பதால், பொருளின் குறைகள் பெருமளவு மறைந்து பிணைப்பின் வலிமையே எண்ணாக வெளிப்படுகிறது. இழுவைச் சோதனையிலோ பொருளின் மிக மோசமான குறை எதுவோ அதுவே எண்ணைத் தீர்மானிக்கிறது. ஆகவே கடினத்தன்மையைப் பொருளின் பண்பு என்றும், நொறுங்கும் பொருளின் இழுவலிமையை அந்தக் குறிப்பிட்ட துண்டின் பண்பு என்றும் சொல்வதே பொருத்தம். துண்டு பெரிதாகப் பெரிதாக அதற்குள் பெரிய குறை ஒன்று ஒளிந்திருக்கும் வாய்ப்பும் கூடுகிறது, வலிமை இறங்குகிறது.

கல்லை இழுத்து உடைக்கும் பட்டன்

கருங்கல் அழுத்தத்தில் 150 முதல் 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும். இழுவையில் ஏறத்தாழ 10 மட்டுமே. தமிழகக் கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. இரு தூண்களின்மேல் கிடக்கும் கல் உத்தரம் தன் எடையாலேயே சற்று வளைய, அதன் அடிப்பக்கம் இழுவைக்கு உள்ளாகிறது. தூண்களின் இடைவெளி கூடினால் அடிப்பக்கத்தில் விரிசல் பிறந்து உத்தரம் முறிந்துவிடும். இந்த அறிவின் பின்னணியில் பார்க்கும்போதுதான் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலிலும் கோவையை அடுத்த பேரூர் பட்டீசுவரர் கோயிலிலும் தொங்கும் கல்சங்கிலிகளின் அருமை முழுதாகத் தெரிகிறது. ஒரே கல்லில் செதுக்கப்பட்ட அச்சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் இழுவையில் நிற்கிறது. ஒவ்வோர் உளித் தட்டலும் விரிசல் விதைக்கக்கூடிய ஒன்று. குறையற்ற கல்லைத் தேர்ந்தெடுத்த கண்ணும் விரிசல் விழாமல் தட்டிய கையும் சேராமல் அது இயன்றிருக்காது.

கல்லின் இந்த வலுவீனமே ஆழ்துளைக் கிணற்றுத் தொழிலின் முதலீடு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் சுரங்கக் கால்வாய்கள் ஆனைமலையின் பாறைகளைக் குடைந்து சென்றது 1960களில். அத்திட்டத்தின் நீர் போதாமலும் எட்டாமலும் போன இடங்களில் தென்னந்தோப்புகளைக் காப்பாற்ற இன்று ஆயிரம் அடியையும் தாண்டிக் குழாய்க் கிணறுகள் இறங்குகின்றன. அவற்றைத் தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் தாயகம் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு; அங்கிருந்து புறப்படும் வண்டிகள் இந்தியா முழுவதும் போர்வெல் போடுகின்றன, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் செல்கின்றன.

ரிக் வண்டியின் ராடுகளுக்கு அடியில், குழிக்குள்ளேயே இறங்கும் ஹேமர் அழுத்தக் காற்றால் இயங்கி, நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கும் மேல், பாறையைத் துளைக்கும் முனையான பிட்டின் தலையில் அடிக்கிறது. பிட் மெதுவாகச் சுழல்கிறது. ஆறரை அங்குலப் பிட்டின் முகத்தில் அரைக்கோள வடிவப் பட்டன்கள் பதிந்திருக்கும். அலாய் எஃகு உடலில் பட்டனைவிட நூலளவு சிறிதாகத் துளையிட்டு, அதற்குள் டங்ஸ்டன் கார்பைடு பட்டனை இறுக்கி அடித்திருப்பர். அடி விழும்போது பட்டனுக்குக் கீழே கல் முதலில் மாவாக நொறுங்குகிறது. அந்த மாவுக்குள்ளிருந்து அழுத்தம் பக்கவாட்டில் தள்ள, சுற்றியுள்ள கல்லில் இழுவைத் தகைவு பிறக்கிறது. அது விரிசலாகி, பட்டனைவிட அகலமான சில்லுகளைப் பெயர்த்து எடுக்கிறது. காற்று அவற்றை வெண்புழுதியாக மேலே ஊதித் தள்ளுகிறது. மாவாக்குவதற்கு ஆகும் ஆற்றல் வீணானது, சில்லாகப் பெயர்வதே ஊதியம். அதாவது பட்டன் கல்லை அழுத்தியே வெல்வதில்லை. கல்லின் உள்ளே இழுவையை உண்டாக்கி அதன் பலவீனமான பக்கத்தில் உடைக்கிறது. கடினத்தன்மை என்னும் கருவி, எதிரியின் இழுவலிமைக் குறைவைப் பயன்படுத்திக்கொள்ளும் மிகத் துல்லியமான நிகழ்ச்சி இது.

ஆனால் பட்டனும் அதே விதிக்கு உட்பட்டதே. கல்லைவிடக் கடினமானது என்பதற்காக வெறும் டங்ஸ்டன் கார்பைடைப் பதித்தால் முதல் சில அடிகளிலேயே அது தெறித்துவிடும். ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் கண்ட தீர்வு, கார்பைடுத் தூளுடன் கோபால்ட் உலோகத்தூளைக் கலந்து அழுத்திச் சூடேற்றி, கடினமான மணிகளை உலோகப் பசையால் பிணைப்பது. அதுவே விடியா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் பட்டறைகளில் அப்பெயர் இன்றும் வாயில் புழங்குகிறது. கோபால்ட் 6 விழுக்காடு இருந்தால் விக்கர்ஸ் எண் 1,400க்கு மேல் நிற்கும், தேய்மானம் குறையும். 10, 12 விழுக்காடு என உயர்த்தினால் கடினத்தன்மை இறங்கி, வளைவைத் தாங்கும் வலிமையும் உடைதாங்குதிறனும் ஏறும். குவார்ட்ஸ் மிகுந்த, தேய்க்கும் பாறைக்குக் கடினமான தரமும், பிளவுபட்டு அதிரும் பாறைக்குச் சற்றே மென்மையான தரமும் தேவை. கடினத்தன்மை, உடைதாங்குதிறன் இரண்டையும் ஒருசேர உச்சத்துக்குக் கொண்டுசெல்லும் தரம் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. ஆகவே பிட் வாங்கும்போது கடினத்தன்மை எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது பாதிக் கேள்வியை மட்டும் கேட்பதாகும். மறுபாதிக்கான விலையை, குழிக்குள் எட்டுநூறு அடியில் பட்டன் உதிரும்போது வண்டிக்காரரும் தோப்புக்காரரும் சேர்ந்து கொடுக்க நேர்கிறது.

பட்டன் சிதைவதைக் கூர்ந்து பார்த்தால் இக்கோட்பாடு முழுவதும் அதன் முகத்திலேயே எழுதியிருப்பது தெரியும். தேய்ந்த பட்டனின் உச்சி முதலில் தட்டையாகிறது. அப்பளபளப்பான தட்டைப் பரப்பில், சூடேறியும் குளிர்ந்தும் மாறி மாறி அடிபட்டதன் விளைவாக, பாம்புச் செதில் போன்ற நுண்விரிசல் வலை தோன்றுகிறது. விரலால் தடவினால் அது தெரியாது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் தெரியும். அந்த வலை ஆழமாவதற்கு முன், தட்டைப் பகுதி பட்டன் விட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போதே, வைரத்தூள் பதித்த கிண்ணக் கல்லால் தேய்த்து மீண்டும் உருண்டை வடிவுக்குக் கொண்டுவரவேண்டும். பட்டனின் எடையில் ஒரு பகுதி வீணாகிறதே என்று தோன்றினாலும், கிரிஃபித்தின் கணக்கில் அங்கே நீக்கப்படுவது கார்பைடு அன்று, விரிசலே. அதேபோல் பிட் தரையில் ஊன்றாமல் ஹேமர் வெறுமையாக அடிப்பதை அனுபவமுள்ள ஆப்பரேட்டர் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. அடியின் அழுத்த அலை பாறைக்குள் போக வழியில்லாதபோது பிட்டின் நுனியில் எதிரொலித்து, இழுவை அலையாக மாறித் திரும்பி வருகிறது. அழுத்தத்தில் அசையாத கார்பைடை அத்திரும்பும் அலையே பிளக்கிறது.

பங்கீடு

இரு பண்புகளையும் ஒரே பொருளிடம் கேட்காமல் இரு பொருள்களுக்குப் பிரித்துக் கொடுத்த கருவிகளில் மிக நேர்த்தியானது கிரானைட் குவாரிகளில் ஓடும் வைரக்கம்பி. ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பிவடத்தில், மீட்டருக்கு நாற்பது என்ற அளவில், விரல்நுனி பருமனுள்ள மணிகள் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணியின் மேலுறையிலும் அரை மில்லிமீட்டருக்கும் சிறிய செயற்கை வைரத்துகள்கள் உலோகப் பிணைப்பில் பதிந்திருக்கும். மணிகளுக்கு இடையே ரப்பரோ பிளாஸ்டிக்கோ நிரம்பி, வடத்தைக் கல்தூளிலிருந்து காக்கும். பாறையில் ஒன்றையொன்று சந்திக்குமாறு இரண்டு துளைகளை இட்டு, வடத்தை அவற்றின் வழியே நுழைத்து, மணிகள் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்வதற்காகச் சற்றே முறுக்கி, இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குவர். மோட்டார் அதை நொடிக்கு இருபது மீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழற்றியபடி தண்டவாளத்தில் பின்னோக்கி நகர, நீர் பாய்ந்து குளிர்விக்க, வடம் கல்லை அறுத்துக்கொண்டே வருகிறது.

இக்கருவியில் இழுவை முழுவதையும் எஃகு ஏற்கிறது. வைரத்துகளின் பங்கு கல்லோடு அழுந்தி உரசுவது மட்டுமே. ஒரு துகள் பிளந்தாலும் கேடில்லை. புதிய கூர்முனை வெளிப்படுகிறது, தேய்ந்த பிணைப்புக்குள்ளிருந்து அடுத்த துகள் எழுகிறது. வடம் அறுவதுதான் பேராபத்து. வளைந்து நிமிர்ந்து களைத்த எஃகு அறும் கணத்தில் மணிகள் தோட்டாக்களாகத் தெறிக்கின்றன. அதனால்தான் ஓடும் வளையத்தின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது என்பது குவாரியின் முதல் பாதுகாப்பு விதி. மிகக் கடினமான பொருள் பூட்டிய கருவியில் உயிருக்கு உத்தரவாதம் தருவது, அரத்தால் அராவினால் தேயும் எஃகின் இழுவலிமைதான்.

பழங்காலத் தமிழகத்தின் புடக்கலன் எஃகும் இதே பங்கீட்டை ஒரு துண்டுக்குள்ளேயே நிகழ்த்தியது. கொடுமணலில் உலைகளின் தடயங்களோடு அடையாளம் காணப்பட்ட அத்தொழில் தந்த உயர்கார்பன் எஃகில், கடினமான இரும்புக் கார்பைடு துகள்கள் வெட்ட, அவற்றைச் சூழ்ந்த மென்மையான இரும்பு முறியாமல் பிடித்துக்கொண்டது.

வைரமே குறையின்றி இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை 2018இல் கிடைத்தது. சென்னை ஐஐடியில் 1977இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநராகவும் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கிய சுப்ரா சுரேஷ், ஹாங்காங்கின் யாங் லு உள்ளிட்ட குழுவினரோடு சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, வைரத்தைப் பற்றிய பாடநூல் கருத்தையே அசைத்தது. தலைமுடியைவிடப் பன்னூறு மடங்கு மெலிந்த, ஏறத்தாழ 300 நானோமீட்டர் தடிமனுள்ள வைர ஊசிகளை மின்னணு நுண்ணோக்கிக்குள் வைத்து மற்றொரு வைரமுனையால் அவர்கள் வளைத்தனர். வெளிப்புறத்தில் 9 விழுக்காடு வரை நீட்சி ஏற்பட்டது. விட்டவுடன் ஊசி பழைய நிலைக்கு மீண்டது. உடைவதற்கு முன் அது தாங்கிய இழுவைத் தகைவு 89 முதல் 98 கிகாபாஸ்கல், அதாவது பிணைப்புகளின் கோட்பாட்டு எல்லைக்கு மிக அருகில். யாங் லுவின் குழு 2021இல் ஒரு மைக்ரான் நீளமுள்ள வைரச் சட்டங்களை வளைக்காமல் நேராக இழுத்து, 7.5 விழுக்காடு சீரான நீட்சியைப் பெற்றது; சட்டத்தின் வடிவைத் திருத்தியபோது அது 9.7 விழுக்காட்டை எட்டியது. இவ்வளவு நீளும்போது வைரத்தின் மின்னணுப் பண்புகளே மாறுவதால், மின்சாரத்தைக் கடத்தாத அப்பொருளைப் புதுவகைக் குறைகடத்தியாக்கும் முயற்சிக்கு இது வழி திறந்துள்ளது.

இச்செய்தியைப் படித்துவிட்டு வைரத்தால் பாலம் கட்டலாம் என்று எழுதியவர்கள், வியப்பில் அளவை மறந்தனர். ஊசி அவ்வளவு தாங்கியது அது வைரம் என்பதால் மட்டுமன்று. குறை ஒளிந்துகொள்ள இடமில்லாத அளவுக்கு அது சிறியது என்பதாலும்தான். அதே வைரத்தை ஒரு மில்லிமீட்டர் ஊசியாக்கினால் அந்த எண் எஞ்சாது. பெரிய துண்டுக்கு வேண்டியது விரிசல் இல்லாமை அன்று, விரிசலைத் தடுத்து நிறுத்தும் உள்ளமைப்பு. சீனாவின் யான்ஷான் பல்கலைக்கழகக் குழு 2020இல் நேச்சர் இதழில் அறிவித்த வைரக் கலவை அத்திசையில் பெரிய அடி. நானோ அளவில் இரட்டைப்படிக அடுக்குகளையும் வெவ்வேறு அடுக்கு ஒழுங்குள்ள வைரப் பகுதிகளையும் பின்னி அமைத்ததன் மூலம், கடினத்தன்மை குறையாமலே உடைதாங்குதிறனை 26க்கு மேல் அவர்கள் உயர்த்தினர். இது வழக்கமான வைரத்தின் அளவைப்போல் ஐந்து மடங்கு. விரிசல் நேராக ஓட முடியாமல் ஒவ்வோர் எல்லையிலும் திரும்பி வளைந்து ஆற்றலை இழப்பதே அதன் இரகசியம்.

இந்தியாவில் ஆய்வக வைரத்துக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைய 2023இன் மத்திய வரவுசெலவுத் திட்டம் வழி செய்தபோது, அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நகை வணிகத்தையும் சூரத்தையும் சுற்றியே இருந்தது. கோவையின் கருவித் தொழிலுக்கும் திருச்செங்கோட்டின் ரிக் தொழிலுக்கும் அம்மையத்திடம் கேட்க வேறு கேள்விகள் உள்ளன. கார்பைடுப் பட்டனின் உச்சியில் வைரப் படலம் போர்த்தும் முறை உலகச் சந்தையில் ஏற்கெனவே உண்டு. வைரமும் கார்பைடும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால் இரண்டின் எல்லையில் தகைவு தேங்கி, ஹேமர் அடியில் படலம் உரிந்து விழுவதே அதன் இடர். எல்லையை ஒரே கோடாக விடாமல், வைரத்தின் விகிதம் படிப்படியாகக் கூடும் சில அடுக்குகளாக அமைத்து அதைச் சமாளிக்கின்றனர். ஆனைமலையின் சார்னோக்கைட்டில், ஆயிரம் அடி ஆழத்தில், எத்தனை அடுக்கு, எந்த விகிதத்தில், எத்தனை லட்சம் அடிகளுக்குத் தாங்கும் என்பதை இந்தப் பாறையிலேயே சோதித்துத்தான் காணவேண்டும். அதற்கான பாறையும் வண்டிகளும் கைதேர்ந்த ஆப்பரேட்டர்களும் கொங்கு நாட்டிலேயே இருக்கின்றனர்.